நிரம்பாத தொட்டி

அன்புள்ள கலைவாணி,

நேற்று போனை வைக்கும் முன் நீ ஒரு கேள்வி கேட்டாய். "நான் வர்றது உங்களுக்கு பாரமா இருக்குதாப்பா?" என்று. நான் "டவர் சரியா இல்லமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகவே இருந்தது. நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் செல்போன் கோபுரத்தின் ஆணி வரை தெரியும், அது உனக்கே தெரியும். போனில் உன் குரலைக் கேட்டால் நான் வேடிக்கை பேசித் தப்பித்துக்கொள்வேன், இல்லாவிட்டால் உன் அம்மா கையில் போனைக் கொடுத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் ஓட முடியாது. கொஞ்சம் நீளமாக இருக்கும். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு படி. இந்த மாதத்தில் உனக்கு அப்படி உட்காருவது நல்லது என்று அம்மா சொல்கிறாள்.

வைகாசியில் ஓசூரில் உனக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் உன்னை நாங்கள் அழைத்து வர வேண்டும், தலைப்பிரசவம் இங்கேதான் நடக்க வேண்டும். அதுதான் முறை. நான் இரண்டு மாதமாக ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெயில் என்றேன். ஆஸ்பத்திரி தூரம் என்றேன். உன் மாமியார் கேட்டபோது வீட்டில் மராமத்து வேலை நடக்கிறது என்றேன். எல்லாம் பொய். காரணம் ஒன்றே ஒன்றுதான். நம் போர்வெல் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்க முடியாது. கலக்கினால் குழந்தை செத்துப்போகக்கூடும். அந்தத் தண்ணீரைக் கெடுத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். கம்பெனியில் பதினெட்டு வருஷம் அடுத்தவன் செய்த பாகத்தைச் சோதித்துக் குறை எழுதினவன் நான். எனக்கு வேறு மாதிரி எழுத வராது. இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நினைக்காதே.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம்தான் பின்னால் ஆறு அறை கட்டினோம். அரசாங்கம் கம்பெனிகளுக்கு எடுத்துக்கொண்டது போக நமக்கு மிஞ்சிய நிலத்தில் முக்கால்வாசியைக் கீரைக்கு விட்டுவிட்டு, வீட்டை ஒட்டிய நீளத் துண்டில் கட்டினோம். வேலைக்கு வருகிறவர்கள் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, பையும் கையுமாக ஊர் ஊராக அறை தேடிக்கொண்டிருந்த காலம். போர் எந்த மூலையில் போடுவது, கழிவுநீர்த் தொட்டி எந்த மூலையில் கட்டுவது என்று வாஸ்து பார்க்கிறவரை வரவழைத்து, அவரோடு அரை நாள் வாதாடினேன். போர் ஈசானிய மூலை, தொட்டி வாயு மூலை. அகலம் குறைந்த மனையில் இரண்டு மூலைக்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தொட்டிக்குப் பள்ளம் வெட்டியதும் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், நாலு பக்கமும் செவுரு கட்டிட்றேன். அடில மட்டும் சிமெண்ட் போட வாணாம், மண்ணாவே வுட்ரலாம். தண்ணி தானா இறங்கிக்கும். ஆயுசுக்கும் ரொம்பாது. லாரிக்காரனுக்கு போன் பண்ற வேலையே இல்ல" என்றார். நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். அடி போட்டுக் கட்டுகிறவனை விவரம் தெரியாதவன் என்பார்கள். நானும் சரி என்றேன்.

அது சொன்னபடியே நிரம்பவில்லை. ஆறு குடும்பம் புழங்கும் தொட்டி, வருஷக் கணக்காக ஒரு முறைகூட நிரம்பவில்லை. அதில் எனக்கு இருந்த பெருமை உனக்கு நன்றாகத் தெரியும். உன் நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் உன் மாமனார், ஓசூரில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழிவுநீர் லாரியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டே, "எங்க வூட்டு டேங்க் கட்டி இத்தினி வருசம் ஆவுது சம்பந்தி, ஒரு தபா லாரி வாசப்படி மிதிக்கல" என்றேன். அவர் மேஸ்திரியின் நம்பரைக் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். பிறகு சமையலறையில் வைத்து, "சாப்பிடற எடத்துல பேசற பேச்சாப்பா அது?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாய். அன்றைக்கு நீ கோபித்துக்கொண்டது பேச்சு நாகரிகத்துக்காக. ஆனாலும் கோபம் நியாயமான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

கீரையையும் சொல்லிவிடுகிறேன். படப்பை மார்க்கெட்டில் கீரைக்குக் கரும்பச்சை நிறம் இருந்தால்தான் கை வைப்பார்கள். யூரியா தூவித் தண்ணீர் விட்டால் மூன்றாம் நாள் அந்த நிறம் வந்துவிடும். ஒவ்வொரு முறை அறுத்த பிறகும் மறுபடி தூவுவேன். ஒரு பிடி போட வேண்டிய இடத்தில் இரண்டு பிடி போடுவேன், மண்ணுக்குச் சாப்பாடு போடுகிற மாதிரி நினைப்பு. செடி எடுத்துக்கொண்டது போக மிச்சம் எங்கே போகும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. எருக்குழியும் போருக்குப் பக்கத்தில்தான். ஆக, ஒரு பக்கம் தொட்டி, இன்னொரு பக்கம் கீரைப் பாத்தி, நடுவில் நாம் குடிக்கிற போர். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வாசனை இல்லை, ருசியில் குறை இல்லை. இந்தத் தண்ணீரில் பருப்பு எப்படி வேகிறது பார் என்று உன் அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள்.

நான்காம் நம்பர் அறையில் முத்துமாரி என்று ஒரு பெண் இருக்கிறாள், நீ பார்த்திருக்கமாட்டாய். உன் கல்யாணத்துக்குப் பிறகு வந்தவள். தென்காசிப் பக்கம். புருஷன் இசக்கி, டயர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. போன மழைக்காலத்தில் அவளுடைய ஆண் குழந்தைக்கு இரண்டு மாதம். அவளுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போனது. டப்பா பால்மாவு வாங்கிக் கலக்கிக் கொடுத்தாள். சுத்தக்காரி அவள். நம் போர்த் தண்ணீரைப் பிடித்து, அது பாதியாகச் சுண்டும் வரை கொதிக்கவைத்து, ஆற்றி, வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் மாவைக் கலப்பாள். பிள்ளைக்கு என்று தனி அடுப்பே வைத்திருந்தாள். ஒரு நாள் காலை, முதல் ஷிப்ட் பஸ் போன கொஞ்ச நேரத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு ஓடி வந்தாள். "அண்ணாச்சி, பிள்ளை ஒதட்டப் பாருங்களேன், நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு" என்றாள். உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன. குழந்தை அழக்கூட இல்லை, சும்மா கிடந்தது. இசக்கி வேலையில் இருந்தான். நான் பக்கத்து வீட்டுக் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு போனேன். வழி நெடுக அவள் குழந்தையின் மூக்கருகில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் சிவப்பாக இல்லை, கறுத்துப் பழுப்பாக இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். டாக்டர் பெண், சின்ன வயசு. முதல் கேள்வியே தண்ணீரைப் பற்றித்தான். "என்ன தண்ணிமா கலக்குற?" என்று கேட்டார். முத்துமாரி, "நல்லா கொதிக்கவச்சுத்தான் டாக்டர் குடுக்கேன், பாதியா வத்தவிட்டுருவேன்" என்றாள். சொல்லும்போது அந்த நிலையிலும் அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. டாக்டர் குழந்தையின் நகத்தை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: கிருமி என்றால் கொதிக்கவைத்தால் சாகும், இது உப்பு மாதிரி ஒரு சமாச்சாரம், கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் குறையும், அது குறையாது, இன்னும் கெட்டியாகும். பெரியவர்கள் உடம்பு அதைத் தாங்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தத்தை அது பிராணவாயு சுமக்கவிடாது. முத்துமாரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நானேதான் குடுத்திருக்கேனா" என்று ஒரு முறை கேட்டாள். ஊசியில் ஒரு நீல மருந்தை ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் குழந்தையின் உதட்டில் நிறம் திரும்பியது. நான்கு நாளில் விட்டுவிட்டார்கள். இசக்கி இரண்டு பேரையும் ஊருக்குக் கொண்டுபோய் விட்டு வந்தான். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொல்லி அனுப்பினார்.

எனக்குச் சந்தேகமே இல்லை, கம்பெனிக்காரன்தான் என்று. காந்தி ஜெயந்தி கிராம சபையில் நான் எழுந்து நின்று, "கம்பெனிக்காரன் உட்ற தண்ணியாலதான் நம்ம நிலம் பாழாவுது" என்று பேசிக் கைதட்டு வாங்கினவன். சோதனைத் தாள் கைக்கு வந்தால் அடுத்த சபையில் ஆட்டிக்காட்டலாம் என்ற நினைப்போடுதான் காஞ்சிபுரம் போனேன். சோதனைக்கூடத்து அம்மாள் தாளைப் பார்த்துக்கொண்டே, "கம்பெனி சமாச்சாரம் ஒண்ணும் இதுல இல்லீங்க. நைட்ரேட்டுதான் எக்கச்சக்கமா இருக்கு. கக்கூஸ் தண்ணி இறங்கினாலும் வரும், உரம் இறங்கினாலும் வரும். பக்கத்துல செப்டிக் டேங்க் இருக்கா?" என்று கேட்டார். "இருக்குது மேடம், ஆனா அது ரொம்பறதே இல்ல" என்றேன். பழக்க தோஷம், அங்கேயும் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "ரொம்பலேன்னா எல்லாம் எங்க சார் போவுது?" என்றார். கலை, பதினெட்டு வருஷம் ஆய்வு மேஜையில் உட்கார்ந்தவனுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவே இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்து மூன்று பஸ்ஸைப் போகவிட்டேன்.

இதுவரைக்கும் சொன்னது அறியாமல் செய்தது. இனிமேல் சொல்வது தெரிந்தே செய்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் உன் கல்யாண ஆல்பத்துக்கு அடியில் வைத்தேன். அம்மாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. சொன்னால் அறைகள் காலியாகும், ஊரில் பெயர் கெடும், அடுத்த வீட்டுக்காரன் போரும் நம் தொட்டியால்தான் கெட்டது என்பான். அதே வாரத்தில்தான் நீ போன் செய்து நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொன்னாய். அம்மா சர்க்கரை எடுத்து வந்து என் வாயில் போட்டாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். மறுநாளே கேன் தண்ணீர்க்காரனை வரச்சொன்னேன். நம் வீட்டுக்கு மட்டும். அறைகளில் இருந்தவர்கள் அதே போர்த் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் நம்பரில் விழுப்புரத்துப் பெண் ஒருத்தி கர்ப்பமாக இருந்தாள், அதுவும் எனக்குத் தெரியும். மூன்று வாரம், கலை. தினமும் அவர்கள் குடம் வைத்துப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே நான் பேப்பர் படித்தேன்.

முத்துமாரி குழந்தையோடு திரும்பி வந்தாள். இசக்கி வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், சாமானை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள். என்னிடம் வந்து நலம் விசாரித்தாள், காரில் கொண்டுபோனதற்கு ஒரு முறை கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போதுதான் நம் வாசலில் இருந்த கேன் அவள் கண்ணில் பட்டது. "ஏன் அண்ணாச்சி, நீங்க கேன் தண்ணி வாங்குதியளா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். "அப்பம் சோதனையில வந்துட்டு, அப்படித்தான?" என்றாள். அவள் ஆறாம் நம்பர்க் கதவைப் பார்த்தாள். "அந்தப் பிள்ளைக்கு ஏழு மாசம். அவட்டயாவது சொன்னியளா?" என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். அவள் சத்தமே போடவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என் பதிலுக்காக நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் வயதில் அப்படி ஒரு வெட்கம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

அன்றைக்கே ஆறு அறைக்காரர்களையும் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். இரண்டு குடும்பம் அந்த மாதமே காலி செய்தது, அவர்கள் என்னைத் திட்டியது எனக்குச் சேர வேண்டியதுதான். முத்துமாரி, கடைசியில், சாமானை மறுபடி உள்ளே வைத்தாள். "நீங்க என்ன செய்யுதியன்னு பாத்துட்டுப் போறேன்" என்றாள். தொட்டி கட்டிய பிறகு முதன்முறையாகக் கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டேன். லாரிக்காரன் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மண்ணுதான் வருது. இதுக்கா என்னை இஸ்துகினு வந்த?" என்றான். பழையதை மூடிவிட்டு, போரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, அடியில் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் புதுத் தொட்டி கட்டினேன். அதே மேஸ்திரிதான். "ரொம்பிடும் சார், சொல்ட்டேன்" என்று மூன்று முறை எச்சரித்தார். கீரையை நிறுத்திவிட்டேன், எருக்குழியை எடுத்துவிட்டேன். தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றை அறைகளுக்குப் பொதுவாக வாசலில் வைத்திருக்கிறேன். இப்போது நாங்களும் அதில்தான் பிடிக்கிறோம். ஆறாம் நம்பர்ப் பெண் விழுப்புரத்தில் பிரசவித்தாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

அப்படியானால் நான் வந்தால் என்ன என்று நீ கேட்பாய். அம்மாவும் அதைத்தான் கேட்கிறாள். உனக்குப் பால் சுரந்தால் ஒன்றும் இல்லைதான். சுரக்காமல் போனால், கண் அசந்த நேரத்தில் யாரோ ஒருவர் பழக்கத்தில் குழாயைத் திறந்து பிடித்துவிட்டால்? இயந்திரத்தில் உள்ளே ஒன்று பழுதானால் தண்ணீரின் ருசி அதைச் சொல்லாது. இத்தனை வருஷம் அது எனக்குச் சொல்லவில்லையே. போரை எப்போது நம்பலாம் என்று சோதனைக்கூடத்து அம்மாளைக் கேட்டேன். மேலே இருந்து புதிதாக ஒன்றும் இறங்காமல் இருந்தால் மெல்ல மெல்லக் குறையும், வருஷக் கணக்கு ஆகும் என்றார். உன் குழந்தையின் முதல் ஆறு மாதத்துக்குள் அது நடக்காது. நீயும் அங்கே வரும் தண்ணீரை ஒரு முறை சோதனைக்குக் கொடுத்துத் தாளை வாங்கிவிடு. ஒகேனக்கல் தண்ணீர் என்று மாப்பிள்ளை சொன்னார், இருக்கட்டும், ஆனாலும் சோதி. தெளிவாக இருக்கிறது, எல்லாரும் குடிக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஒன்றையும் நம்பாதே. அப்புறம் இன்னொன்று. ஏதாவது கெட்டுப்போனால் முதல் விரலை வெளியே நீட்டாதே. இதை நான் உனக்குச் சின்ன வயசில் சொல்லித்தரவில்லை, எனக்கே தெரியாது.

மே தினக் கிராம சபையில் எழுந்து நின்றேன். கம்பெனியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்து முன் வரிசையில் கைதட்டக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். "யார் வூட்டு டேங்க்குக்கு அடில சிமெண்ட் கீது, கைய தூக்குங்க" என்றேன். முதலில் சிரித்தார்கள். ஒரு கையும் எழவில்லை. அப்புறம் சிரிப்பும் நின்றது. நடந்ததைச் சொன்னேன், முத்துமாரியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து இரண்டு பேர் மேஸ்திரியின் நம்பர் கேட்டார்கள். பல பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். போன வாரம் நம் புதுத் தொட்டி நிரம்பியது. லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும் வரை நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கக்கூஸ் தொட்டி நிரம்பியதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற மனுஷனை எங்கேயும் பார்த்ததில்லை என்றாள் அம்மா. முத்துமாரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அவன் இப்போது ஆளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

நீ பாரம் இல்லை. நீ வர வேண்டும் என்று உன் அம்மாவைவிட எனக்குத்தான் ஆசை. உன் அறைக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு அதற்குப் பிறகுதான் உன்னை வராதே என்று சொல்ல ஆரம்பித்தேன்.

வளைகாப்புக்குப் பெண் வீட்டிலிருந்து ஐந்து வகைச் சோறு ஆக்கி எடுத்துப் போவது நம் வழக்கம். அம்மா அரிசி, புளி, வெல்லம் எல்லாம் கட்டி வைத்துவிட்டாள். ஆனால் ஆக்கிக்கொண்டு வர மாட்டோம். முந்தின நாளே வந்து உன் அடுப்பில், உன் வீட்டுத் தண்ணீரில் ஆக்குவாள். அப்புறம் குழந்தைக்கு ஆறு மாதம் முடியும் வரை அங்கேயே இருப்பாள், நான் இங்கே தனியாகச் சமாளித்துக்கொள்கிறேன். பந்தியில் உன் மாமனார், "என்ன சம்பந்தி, பொண்ணை அழைச்சிட்டுப் போகலையா?" என்று கேட்பார். நீ எந்தப் பதிலும் யோசித்து வைக்காதே. நிச்சயதார்த்தப் பந்தியில் டேங்க்கைப் பற்றிப் பெருமை பேசினவன் நான். இந்தப் பந்தியிலும் அந்த டேங்க்கைப் பற்றி நானே பேசுகிறேன். மேஸ்திரியின் நம்பரை அவர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், அவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பிடுகிற இடம்தான், தெரியும். இந்த ஒரு முறை நீ தலையைக் குனிந்துகொள்ளாமல் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திரு.

அப்பா